மின்மோட்டார் பேட்டரியை எங்கே வைப்பது: அணியமா, அமரமா, நடுப்பலகையா?

சிறிய மீன்பிடிப் படகுக்கு ட்ரோலிங் மோட்டார், அதாவது மீன்பிடிக்கும்போது படகை மெல்ல நகர்த்தும் மின்மோட்டார், வாங்குகிறவர், எத்தனை பவுண்டு உந்துவிசை, தண்டு எவ்வளவு நீளம், காலால் இயக்குவதா கையால் இயக்குவதா என்று வாரக்கணக்கில் யோசிப்பார். பேட்டரியை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு மட்டும் ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்: எங்கே இடம் காலியாக இருக்கிறதோ அங்கே. நானும் அந்த ரகம்தான். என் படகில் பின்பலகையை ஒட்டி, பெட்ரோல் டாங்க்குக்குப் பக்கத்தில், ஒரு பேட்டரிப் பெட்டி கச்சிதமாக உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. காலி இடம் காலியாக விடப்பட்டதற்கும் ஒரு காரணம் இருக்கலாம் என்று அப்போது தோன்றவில்லை.

தோன்ற வைத்தது ஒரு மாலை. நல்ல வேகத்தில் கரை நோக்கி வந்துகொண்டிருந்தபோது, முன்னால் மிதந்த ஒரு மரக்கட்டையைப் பார்த்துச் சட்டென்று த்ராட்டிலை மூடினேன். படகு நின்றது, அது கிளப்பிவிட்ட அலை நிற்கவில்லை. பின்னாலிருந்து வந்து பின்பலகையைத் தாண்டி இரண்டு வாளித் தண்ணீரை உள்ளே கொட்டிவிட்டுப் போனது. பின்பலகையில் வெளியே மாட்டிய அவுட்போர்டு என்ஜின், நான், நிரம்பிய டாங்க், பேட்டரி என்று எல்லாக் கனமும் ஒரே இடத்தில். பின்பலகையின் விளிம்புக்கும் நீருக்கும் இடையே மிச்சம் இருந்த உயரம் ஒரு சாண்கூட இல்லை. பேட்டரிப் பெட்டி கணுக்கால் ஆழத் தண்ணீரில் நின்றது.

இங்கே பேசப்போவது 4 முதல் 4.5 மீட்டர் நீளமுள்ள, அலுமினியத்திலோ ஃபைபரிலோ செய்த திறந்த படகைப் பற்றி. பின்னால் கைப்பிடியால் திருப்பும் அவுட்போர்டு, முன்னால் மின்மோட்டார். படகின் முன்முனையை அணியம் என்றும் பின்பகுதியை அமரம் என்றும் கடலோடிகள் சொல்வார்கள். அந்தச் சொற்களையே வைத்துக்கொள்கிறேன். 12 வோல்ட்டில் ஓடும் மோட்டார்கள் ஏறத்தாழ 55 பவுண்டு உந்துவிசை வரை கிடைக்கின்றன. முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் 24 வோல்ட், அதாவது இரண்டு பேட்டரி. 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி ஒன்று 27 முதல் 30 கிலோ வரை இருக்கும். ஒரு நடுத்தரப் படகில் இந்த எடை ஒரு பொருட்டே இல்லை. மூன்று பேர் ஏறினால் நிறைந்துவிடும் படகில், இது பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறு பையனின் எடை.

இடத்தைப் பற்றி யோசிக்கும் பெரும்பாலோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சிறு படகு ஒன்றல்ல, இரண்டு. ஓடும்போது அது ஒரு படகு: ஓட்டுபவர் அமரத்தில், அணியம் காலி. மீன்பிடிக்கும்போது வேறு படகு: அதே ஆள் எழுந்து அணியத்துக்குப் போய், மின்மோட்டாரை இறக்கி, அங்கேயே நிற்கிறார். 75 கிலோ எடை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இடம்பெயர்ந்துவிடுகிறது. பேட்டரி அப்படிப் பெயராது. திருகி வைத்த இடத்திலேயே இருந்துகொண்டு இரண்டு படகுக்கும் அது ஒத்துப்போக வேண்டும். மூன்று இடங்களையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும்.

அமரத்தில் வைப்பவர்கள் சொல்லும் நியாயங்கள் இருக்கின்றன. என்ஜினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி ஏற்கெனவே அங்கே இருக்கும், சார்ஜரும் அங்கேயே, ஒயர்கள் ஓரிடத்தில் சேரும். மீன்பிடிக்கும்போது ஆள் முன்னால் நிற்பதால் பின்னால் இருக்கும் பேட்டரி அவருக்கு எதிரெடையாகவும் அமையும். ஆனால் ஓடும்போது நிலைமை தலைகீழ். அணியம் வானத்தைப் பார்க்கும். படகு தண்ணீருக்கு மேல் எழும்பி வழுக்கி ஓடத் தொடங்கவே நேரம் பிடிக்கும். எழுந்த பிறகும் முனை டால்பின் துள்ளுவதுபோல் ஏறி ஏறி இறங்கும். முன்னால் என்ன வருகிறது என்று தெரியாமல் எம்பி எம்பிப் பார்க்க வேண்டியிருக்கும். பின்னாலிருந்து வந்து என் படகை நனைத்த அலையும் இந்த வகையில் சேர்ந்ததுதான். பின்பலகையிலேயே மின்மோட்டாரையும் மாட்டுகிறவர்களுக்கு, ஒயர் ஒரு மீட்டரில் முடிந்துவிடும் என்பதால், அமரம்தான் இயல்பான இடம் என்று தோன்றும். அவர்களுக்குத்தான் நான் இதைக் கூடுதலாக அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் அவர்கள் ஓடும்போதும் பின்னால், மீன்பிடிக்கும்போதும் பின்னால். பேட்டரியை முன்னே தள்ளுவதற்கு அவர்களைவிட அதிகக் காரணம் உள்ளவர் யாரும் இல்லை.

அணியம் இதற்கு நேர் எதிர். மோட்டார் பக்கத்திலேயே இருப்பதால் ஒயர் குறைவு. தனியாகப் போகிறவருக்கு, பின்னால் அவரும் என்ஜினும், முன்னால் பேட்டரியும் என்று ஓடும்போது படகு அழகாகச் சமன்படும். தனியாள் படகில் இது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு என்று சொல்ல ஆரம்பிக்கும்போதே மீன்பிடிக்கும் இடம் வந்துவிடுகிறது. தூண்டில் எடுக்கிறார், எழுந்து முன்னால் போகிறார். இப்போது அணியத்தில் ஆள், மின்மோட்டார், பேட்டரி மூன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 28 கிலோ பேட்டரியைப் படகின் மையத்திலிருந்து 1.6 மீட்டர் முன்னால் வைப்பதும், 75 கிலோ ஆள் தான் இருக்கும் இடத்திலிருந்து 60 சென்டிமீட்டர் முன்னால் நகர்வதும் படகுக்கு ஒன்றுதான். முன்முனை அமிழ்ந்த படகு எதிரலையை ஏறிக் கடக்காது, குத்திக்கொண்டு போகும். பின்காற்றில் நேர்கோட்டில் நிற்காமல் முனை ஒரு பக்கம் இழுக்கும். இரண்டு பேட்டரி வைக்கும் 24 வோல்ட் அமைப்பாக இருந்தால் இந்தத் தொல்லையும் இரட்டிப்பு.

அணியத்தின் பெரிய குறை எடைகூட அல்ல, அடி. படகு அலையில் ஓடும்போது மிக அதிகமாகத் தூக்கிப் போடப்படும் இடம் அதுதான். நடுவில் உட்கார்ந்திருப்பவர் லேசான குலுக்கல் என்று நினைக்கும் அலை, முன்முனையில் மேசையை ஓங்கி அறைவதுபோல் விழும். ஈய-அமில பேட்டரிக்குள் தொங்கும் தகடுகள் இப்படிப்பட்ட அடிக்குப் பழகியவை அல்ல. தகட்டில் பூசிய பொருள் உதிர்ந்து அடியில் படிந்தால் பேட்டரியின் கொள்ளளவு குறையும். தகடுகளுக்கிடையே அது பாலம் போட்டுவிட்டால் பேட்டரிக்குள் இருக்கும் அந்த மின்கலம் செத்தது. ஏ.ஜி.எம். வகையில் கண்ணாடி இழைப் பாய்க்குள் தகடுகள் இறுக்கமாக இருப்பதால் ஓரளவு தாங்கும். ஆனால் பெட்டியும் பட்டையும் திருகும் வாங்கும் அடியை அது குறைத்துவிடாது. அணியத்தில் வைத்த பேட்டரியின் பட்டை தளர்ந்திருப்பதை நீங்கள் முதலில் காதால்தான் அறிவீர்கள்: ஒவ்வொரு அலைக்கும் ஒரு ‘டொக்’.

நடுப்பலகைக்கு, அதாவது படகின் நடுவில் குறுக்காக இருக்கும் உட்காரும் பலகைக்குக் கீழே, தரையோடு தரையாக வைப்பதுதான் மிஞ்சியிருக்கும் வழி. இங்கே பேட்டரி படகின் மையத்துக்கு மிக அருகில் இருக்கிறது. ஆள் பின்னால் உட்கார்ந்தாலும் முன்னால் நின்றாலும் அது எந்தப் பக்கமும் கட்சி சேர்வதில்லை. கனம் தாழ்ந்து இருப்பதால், பக்கவாட்டில் நின்று மீனை இழுக்கும்போது படகின் ஆட்டம் சற்று அடங்குகிறது. அலையின் அடியும் இங்கே குறைவு. விலையாகக் கொடுக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கால் நீட்டும் இடம் போய்விடும். முழங்காலும் பேட்டரிப் பெட்டியும் அடிக்கடி அறிமுகமாகும். இரண்டு, முன்னால் இருக்கும் மோட்டார்வரை ஒயர் இழுக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: பல படகுகளில் நடுப்பலகைக்குள் மிதவை நுரை அடைக்கப்பட்டிருக்கும். படகுக்குள் தண்ணீர் நிறைந்தாலும் அது மூழ்காமல் இருப்பதற்காக வைத்தது அது. இடம் வேண்டுமென்று அதை அறுத்து எடுத்துவிட்டு அங்கே ஈயத்தை வைப்பது, உயிர்காப்பு மிதவையைக் கழற்றிவிட்டு இடுப்பில் கல்லைக் கட்டிக்கொள்வது போன்றது. பலகைக்குள் நுரை இருந்தால் பேட்டரி அதற்கு முன்னாலோ பின்னாலோ தரையில் உட்காரட்டும். பத்திருபது சென்டிமீட்டரில் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ஒயர் நீண்டால் மின்னழுத்தம் குறையுமே என்பதுதான் நடுப்பலகைக்கு எதிராகவும், அதைவிட அதிகமாக அமரத்துக்கு எதிராகவும், வழக்கமாகச் சொல்லப்படும் வாதம். குறையும்தான். எவ்வளவு என்று பார்க்கலாம். ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செம்புக் கம்பி ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.0175 ஓம் தடை தரும். அமரத்திலிருந்து அணியத்துக்கு 4.5 மீட்டர் என்றால், போக ஒன்று வர ஒன்று என மொத்தம் 9 மீட்டர். 50 ஆம்பியர் ஓடும்போது 6 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 1.3 வோல்ட் தொலையும். 12 வோல்ட்டில் இது 11 சதவீதம், அதோடு 65 வாட் வெப்பமும். 10 சதுர மில்லிமீட்டரில் 0.8 வோல்ட். 16-இல் 0.5 வோல்ட். 25-இல் 0.3 வோல்ட்டுக்குச் சற்று அதிகம். நடுப்பலகையிலிருந்து என்றால் மொத்தம் 5 மீட்டர்தான். 16 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 0.27 வோல்ட், அதாவது 2.3 சதவீதம். முக்கியமான சுற்றுகளில் 3 சதவீதத்துக்கு மேல் இழக்கக் கூடாது என்ற பொதுவான அளவுகோலுக்குள் இது அடங்கிவிடுகிறது.

இதுவும் முழு வேகத்தில் மட்டும். மீன் தேடி மெல்ல ஊரும்போது மோட்டார் இழுப்பது 10, 12 ஆம்பியர்தான். அப்போது 9 மீட்டர் நீளத்திலும் 16 சதுர மில்லிமீட்டர் கம்பியில் குறைவது 0.12 வோல்ட். யாருக்கும் தெரியாது. சரி, தடிமனான கம்பியின் எடை? 5 மீட்டர் நீளத்தில் அந்தக் கம்பியின் செம்பு முக்கால் கிலோவுக்கும் கீழே. 28 கிலோவை நல்ல இடத்துக்கு நகர்த்துவதற்காக ஒரு கிலோவுக்கும் குறைந்த செம்பைச் சேர்க்கிறோம். இந்தப் பேரத்தில் என்ன தயக்கம் என்று எனக்குப் புரிவதில்லை. உண்மையில் மின்னழுத்தத்தைத் தின்பது பெரும்பாலும் கம்பி அல்ல, முனையில் இருக்கும் பிளக். பச்சை பூத்த பித்தளை முனைகளும், கம்பியின் நுனியில் அரைகுறையாக நசுக்கிப் பொருத்திய லக் என்ற உலோக வளையமும் இருந்தால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண். மோட்டாரை ஐந்து நிமிடம் முழு வேகத்தில் ஓட்டிவிட்டு, நிறுத்தியதும் பிளக்கின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

24 வோல்ட் அமைப்பில் இந்தக் கவலை இன்னும் சிறுக்கும். அதே திறனுக்குப் பாதி ஆம்பியர், இரட்டை வோல்ட். ஆகவே அதே கம்பியில் இழப்பின் சதவீதம் கால்பங்கு. ஆனால் இரண்டு பேட்டரியையும் பிரித்து ஒன்றை அணியத்திலும் மற்றொன்றை அமரத்திலும் வைக்கலாமே என்ற யோசனை காகிதத்தில் அழகாக இருக்கும், படகில் இராது. இரண்டையும் தொடராக இணைக்கும் கம்பியிலும் அதே முழு மின்னோட்டம் ஓடும்; அதுவும் தடிமனாக, படகின் முழு நீளத்துக்கும் போக வேண்டும். முனைகளில் பிரித்த கனம் படகை அலையில் தொட்டில்போல் முன்னும் பின்னும் ஆட வைக்கும் என்பது வேறு. பிரிப்பதானால் நடுவிலேயே, படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராவுக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று.

ஒற்றைப் பேட்டரி என்றால் நட்ட நடுவில் வைக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. கைப்பிடி அவுட்போர்டை ஓட்டுபவர் பெரும்பாலும் வலப்பக்கம் உட்கார்ந்து இடக்கையால் திருப்புவார். தனியாகப் போகிறவர் பேட்டரியை இடப்பக்கம் ஒரு முழம் தள்ளி வைத்தால் படகு சாயாமல் ஓடும்.

எடையையும் ஒயரையும் தாண்டி ஒரு விஷயம் இருக்கிறது. அதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே அது பற்றிக்கொள்ளும். ஹைட்ரஜன் மேலே ஏறும்; பெட்ரோல் ஆவியோ காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கித் தரையில் தேங்கும். பேட்டரியையும் பெட்ரோல் டாங்க்கையும் ஒரே மூடிய அறையில் வைத்தால் மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் பொறி பறக்கக்கூடிய டெர்மினல்கள். என் முதல் ஏற்பாட்டை இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. மூடிய அறையில்தான் வைக்க வேண்டுமென்றால், அதன் மிக உயரமான இடத்தில் காற்றுத் துளை வேண்டும். பக்கவாட்டில் கீழே போட்ட துளையால் பயனில்லை. அணியத்தில் இருக்கும் மூடிபோட்ட பெட்டிகள் பலவற்றில் அந்தத் துளை இருப்பதில்லை. நீர் ஊற்றும் வகைப் பேட்டரியாக இருந்தால், மூடிகளைத் திறந்து உள்ளே பார்க்கும் அளவுக்கு மேலே இடம் வேண்டும். எட்டிப் பார்க்க முடியாத பேட்டரிக்கு யாரும் நீர் ஊற்றியதில்லை.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வாங்கினால் இவ்வளவு பேச்சும் பாதியாகக் குறையும். 100 ஆம்பியர்-மணி பேட்டரி 11 முதல் 13 கிலோ. ஈய-அமிலத்தில் பாதிக்கு மேல் தீர்த்தால் ஆயுள் குறையும் என்பதால், லித்தியத்தில் 60 ஆம்பியர்-மணியே பலருக்குப் போதும். அது இன்னும் இலேசு. 12 கிலோவை அணியத்தில் வைப்பது 75 கிலோ ஆள் 25 சென்டிமீட்டர் நகர்வதற்குத்தான் சமம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவராது, தகடுகள் உதிராது. ஆகவே லித்தியம் வைத்திருப்பவர் அணியத்தில் வைத்தால் நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். அதற்குள் இருக்கும் காப்புச் சுற்று மோட்டார் இழுக்கும் முழு ஆம்பியரையும் தொடர்ந்து தருமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. அவுட்போர்டின் வெப்பத்துக்கு அருகில் வைக்கக் கூடாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அணியத்தில் ஈயப் பேட்டரியை எதிரெடையாக வைத்துப் பழகிய தனியாள், லித்தியத்துக்கு மாறியதும் முனை மறுபடி வானம் பார்க்கத் தொடங்கும். எடை குறைந்தது என்று மகிழ்ந்த கையோடு நங்கூரத்தை முன்னால் நகர்த்த வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் படித்து முடிவெடுப்பதைவிட ஒரு மாலை நேரத்தைச் செலவழித்துப் பார்த்துவிடுவது நல்லது. ஒரு துளையும் போடுவதற்கு முன்னால் நான் இரண்டாம் முறை செய்தது இதுதான். 25 லிட்டர் கேன் ஒன்றில் தண்ணீர் நிரப்பினேன். கேனோடு சேர்த்து ஏறத்தாழ பேட்டரியின் எடை. பின்பலகையின் வெளிப்புறத்தில் செங்குத்தாக வெள்ளை டேப் ஒட்டி, சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டேன். படகு அசையாத நீரில் நிற்க, நான் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். கரையில் நின்ற நண்பர் நீர்மட்டம் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று சொன்னார். கேனை அமரத்திலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து அணியத்துக்கு மாற்றி மாற்றி வைத்தோம். முனைக்கு முனை மாற்றியபோது பின்பலகையில் இரண்டு விரல் அகலம் வித்தியாசம். பிறகு நான் எழுந்து அணியத்தில் போய் நின்றேன். கேனும் என்னோடு அணியத்தில் இருந்தபோது முன்முனை இறங்கியதைப் பார்க்க டேப் தேவைப்படவில்லை. நண்பர் சிரித்ததிலேயே தெரிந்தது. கேன் நடுவில் இருந்தபோது இரண்டு நிலையிலும் படகு சகித்துக்கொள்ளும்படி இருந்தது. அதன் பிறகு அதே கேனைக் கட்டிவைத்து ஒரு சுற்று ஓட்டியும் பார்த்தேன். தண்ணீர் கேன் என்பதால் சரியாகக் கட்டாவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை.

பேட்டரிக்கு அந்தச் சலுகை கிடையாது. சிறு படகுகளுக்கான அமெரிக்கத் தரநிலைகளை வகுக்கும் ஏ.பி.ஒய்.சி., பேட்டரி எந்தத் திசையிலும் ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது என்கிறது. ஃப்யூஸோ சர்க்யூட் பிரேக்கரோ பேட்டரியிலிருந்து கம்பி வழியாக 7 அங்குலத்துக்குள், அதாவது 18 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் பொது விதி. 50 ஆம்பியர் மோட்டாருக்கு 60 ஆம்பியர் பிரேக்கர் போடுவது வழக்கம். பேட்டரியை நகர்த்தி ஒயரை நீட்டுகிறவர்கள் இந்த இரண்டாவதில்தான் தவறுவார்கள்: பிரேக்கரைக் கைக்கு எட்டும் என்று மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். அப்படி வைத்தால், நடுவே ஒயர் உரசி உறை கிழிந்தால் தடுக்க எதுவும் இல்லை. அலுமினியப் படகில் உரசும் இடமெல்லாம் உலோகம். கம்பியைக் குழாய்க்குள் விட்டு, விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்களைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் போட வேண்டும். படகின் உடலையே எதிர்மின் கம்பியாகப் பயன்படுத்துவது அலுமினியத்தைக் கரையக் கொடுப்பதற்குச் சமம். டெர்மினல்களுக்கு மூடி, பேட்டரிக்கு அமிலம் தாங்கும் பிளாஸ்டிக் தட்டு, தட்டுக்கு அடியில் இரண்டு விரற்கடை உயர்த்தி ஒரு பலகை. தரையில் திருகு போடுமுன் அதற்குக் கீழே என்ன ஓடுகிறது என்று குனிந்து பார்த்துவிடுங்கள்.

என் படகில் பேட்டரி இப்போது நடுப்பலகைக்குச் சற்று முன்னால், ஏராவுக்கு இடப்பக்கம் இருக்கிறது. 16 சதுர மில்லிமீட்டர் கம்பி பக்கவாட்டு விளிம்புக்குள் ஓடி அணியத்துக்குப் போகிறது. பின்னால் பழைய இடத்தில் ஒன்றுமில்லை. மழைநீர் இறைக்கும் வாளி மட்டும் கிடக்கிறது. தூண்டில் பெட்டியைப் பேட்டரியின் மேல் வைக்கப் பழகிவிட்டேன். அதனால் சார்ஜ் போடும்போதெல்லாம் அதைத் தூக்கி இறக்க வேண்டியிருக்கிறது. முழங்காலில் தழும்பு ஒன்று இருக்கிறது. படகில் ஏறும் நண்பர்களிடம் முதலில் அந்தப் பெட்டியின் மூலையைக் காட்டிவிடுகிறேன்.